சாமியாரின் கையெழுத்து

மனத்தைப் பிடித்து ஆட்டுகிற வில்லனை வரைவது லேசு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கண்ணைப் பெரிசாக வரை, உள்ளே சுழி போடு, நெற்றியிலிருந்து நாலு வளைகோடு இழுத்துவிடு, வேலை முடிந்தது. எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகளும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஒரு கட்டத்தில் மேசை முழுக்கச் சுழிக்கண் சாமியார்கள் கிடந்தார்கள். ஒருவரைப் பார்த்தும் பயம் வரவில்லை. இரண்டு பேரைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, குளத்தை ஒட்டின ஊர் எங்களுடையது. அங்கே சனிக்கிழமைகளில் கூடுகிற பிள்ளைகளோடு பதினாறு பக்கத்தில் ஒரு காமிக்ஸ் புத்தகம் செய்தோம். கறுப்பு வெள்ளை, ஏ5 அளவு, அச்சகம் கிடையாது, போட்டோகொப்பி மட்டும். ஏ4 தாளும் கொப்பிக் கடையும் உள்ள எந்த ஊரிலும் இதைச் செய்யலாம் என்பதால் செய்த விதத்தை எழுதி வைக்கிறேன்.

வில்லனைத் தெரிவு செய்தது பிள்ளைகள். அவர்களில் சிலர் டீன் டைட்டன்ஸ் என்ற இளவட்ட வீரர் கூட்டத்தின் கார்ட்டூனில் பிரதர் பிளட் என்ற வில்லனைப் பார்த்திருந்தார்கள். அதில் அவர் ஒரு பள்ளிக்கூட அதிபர். மாணவர்களின் மனம் அவர் கையில். அந்த வீரர்களில் ஒருவனான சைபோர்க்கை மட்டும் அவரால் பிடிக்க முடியாது. அதிபர் என்பதாலேயே அந்தப் பாத்திரம் எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது, காரணம் கேட்கவேண்டியதில்லை. காமிக்ஸில் அவர் வேறு ஆள் என்று சொன்னேன். 1982இல் டீசி நிறுவனத்தின் நியூ டீன் டைட்டன்ஸ் 21ஆவது இதழில் மார்வ் வுல்ஃப்மன் எழுதி ஜோர்ஜ் பெரெஸ் வரைந்து வந்தவர் அவர். இரத்தத் திருச்சபை என்ற கூட்டத்தின் தலைமைக் குரு. ஸாண்டியா என்ற கற்பனை நாடு அவருடைய கோட்டை. அந்தப் பட்டம் தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும், ஆனால் மகன் தகப்பனைக் கொன்றுவிட்டுத்தான் எடுத்துக்கொள்வான். இதைக் கேட்டதும் அதிபர் அடிபட்டுப் போனார், குருதான் வேண்டும் என்று ஒரே முடிவு.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது பெத்தனி ஸ்னோ என்ற தொலைக்காட்சிக்காரி. அவளும் சபையின் ஆள். வீரர்கள் ஊரைக் காப்பாற்றினாலும் அவள் சொல்கிற செய்தியில் அவர்கள்தான் குற்றவாளிகள். பிறகு ஊர்ச்சனமும் அதையே திருப்பிச் சொல்லும். குருவின் வசியத்தைப் படத்தில் காட்ட ஒளிக்கதிர் தேவையில்லை, சனம் பேசுகிற வசனமே போதும் என்று எனக்குப் பட்டது அங்கேதான்.

பழைய ஆட்களை எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான். பேட்மேன் அறிமுகமான அதே 1939இல், டிடெக்டிவ் காமிக்ஸ் 31ஆவது இதழில், சிவப்பு முக்காடு போட்ட ஒரு துறவி வருவான். வசியக்காரன், இரத்தக்காட்டேரியும்கூட. அவனுடைய வசியம் நமக்கு உறைப்பது அவன் முகத்தைப் பார்த்தல்ல. கதாநாயகனுக்கு நிச்சயம் செய்த பெண் தன் நினைவில்லாமல் நடந்து போவதைப் பார்த்துத்தான். என் வயதுக்காரருக்குத் தெரிந்த மந்திரவாதி மாண்ட்ரேக் வேறு வழி. 1934இல் லீ ஃபால்க் உருவாக்கியவர். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேசியவர். அவர் கையை அசைத்ததும் எதிராளிக்கு என்ன தெரிகிறதோ அதை வரைந்துவிடுவார்கள். வசியம் செய்பவனைக் காட்டிலும் வசியப்பட்டவனில்தான் ஓவியருக்கு வேலை இருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுச் சுழிக்கண் படங்களை எல்லாம் கட்டி அலுமாரியில் வைத்தோம்.

எங்கள் வில்லனின் பெயர் மணிச்சாமியார். கழுத்தில் ஒரு மணி தொங்கும், அதற்கு நாக்கு இல்லை. ஆட்டினால் சத்தம் வராது, ஆனால் ஆள் மயங்கிவிடும். வரைபவருக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் சத்தத்தை எழுத்தில் போட வேண்டியதில்லை. மணி ஆடுகிற கட்டத்தில் வெறும் குமிழி ஒன்றை விட்டால் சரி. திருநீறு, சிலுவை, தொப்பி, பூணூல் எதுவும் அவருக்கு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில் கடல் தண்ணீரில் விளக்கெரிகிற மாவட்டம் இது. பிள்ளைகளின் வீடுகளில் நேர்த்தி வைத்தவர்கள் இருக்கிறார்கள், ஞாயிறு பூசைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். யாருடைய சாமியையும் கேலி செய்வதற்கு இந்தப் புத்தகம் இல்லை. அதனால் கதையைக் கோயில் வாசலில் வைக்காமல் குளக்கட்டில் வைத்தோம். வரட்சிக் காலத்தில் ஊருக்கு வருகிற சாமியார், குளத்தில் மிஞ்சியிருக்கிற தண்ணீரைத் திறந்துவிட்டால்தான் மழை வரும் என்கிறார். சனம் துருசை, அதாவது குளத்து மதகை, திறக்கப் போகிறது. கதை அவ்வளவுதான். வன்னிப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அநியாயத்தை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

சனம் வசியப்பட்டதை எப்படிக் காட்டுவது? இதற்கு விடை தற்செயலாகத்தான் கிடைத்தது. வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது, ஆளுக்கொரு பாத்திரத்தின் வசனத்தை எழுதட்டும் என்று விட்டிருந்தேன். கமக்காரரின் வசனம் ஒருவன் கையெழுத்தில், கடைக்காரி இன்னொருத்தியின் கையெழுத்தில், இப்படி. சாமியாரின் வசனத்தை எழுதியவள் பத்தாம் தரத்தில் படிக்கிற பிள்ளை. அவளுடைய எழுத்து சோதனைத் தாள் மாதிரி. நிமிர்ந்து நிற்கும், ஒரு எழுத்து அடுத்ததோடு முட்டாது, ஒவ்வொரு புள்ளியும் ஒரே உயரத்தில் இருக்கும். மற்றவர்களின் எழுத்து அப்படியில்லை. ஒருவனுடைய ழகரத்தின் வால் அடுத்த வரிக்குள் இறங்கும். இன்னொருவனின் கொம்புகள் எல்லாம் இடப்பக்கம் சாயும். ஒருத்தி ‘லை’ எழுதினால் அது பாதிக் குமிழியை எடுத்துக்கொள்ளும்.

அதையே விதியாக்கினோம். ஒரு பாத்திரம் சாமியாரிடம் விழுந்ததும் அதன் வசனத்தை எழுதுகிற உரிமை அந்தப் பிள்ளையின் கையை விட்டுப் போகும். அதன் பிறகு சாமியாரின் கைதான் எழுதும். படத்தில் ஆள் மாறமாட்டார், உடுப்பும் முகமும் அப்படியே இருக்கும். குமிழிக்குள் எழுத்து மட்டும் மாறியிருக்கும். அழகான கையெழுத்தைப் பார்த்து உடம்பு சில்லிடும் என்று நான் நினைத்ததே இல்லை.

குளக்கட்டுப் பக்கத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புத்தகமே அதில்தான் நிற்கிறது. ஏ4 தாளில் நாலு பக்கமும் 15 மில்லிமீற்றர் விளிம்பு விட்டு, கட்டங்களுக்கு நடுவே 5 மில்லிமீற்றர் இடைவெளி வைத்தால், இரண்டு நிரலில் ஆறு கட்டம் வரும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 87க்கு 85 மில்லிமீற்றர், கிட்டத்தட்டச் சதுரம். ஆறு கட்டத்திலும் காட்சியை மாற்றவில்லை: அதே கட்டு, அதே ஆட்கள், அதே இடம். முதல் கட்டத்தில் ஆளுக்கொரு சாமான் கையில் இருக்கிறது. மண்வெட்டி, குடம், சைக்கிள் காண்டில், கச்சான் சரை, பிள்ளையின் கை. எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள், குமிழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, எழுத்துகள் கலவரமாக இருக்கின்றன. இரண்டாவது கட்டத்தில் வெற்றுக் குமிழி. மூன்றாவதில் குடம் கீழே இருக்கிறது, குடத்துக்காரியின் வசனம் நேராகிவிட்டது. நாலாவதில் மண்வெட்டியும் சைக்கிளும் நிலத்தில் கிடக்கின்றன. ஐந்தாவதில் தாயின் கை பிள்ளையின் கையை விட்டிருக்கிறது. ஆறாவதில் குமிழிகள் எல்லாம் ஒரே அளவில் ஒரே வரிசையில், ஒரே வசனத்தோடு: “தண்ணியைத் திறவுங்கோ.” கண்களில் ஒன்றையுமே மாற்றவில்லை. தலைகளை மட்டும் ஒரே பக்கத்துக்குச் சாய்த்தோம்.

இதில் சாமியார் எங்கே நிற்கிறார் என்று கேட்பீர்கள். கட்டத்துக்கு வெளியே. அவருடைய நிழல் மட்டும் கட்டின்மேல் விழுந்திருக்கிறது.

வசியத்தில் விழாத ஆள் ஒருவர் வேண்டும். அதற்காகத்தான் அதிகம் சண்டை நடந்தது. பையன்களுக்கு இரும்புக்கை வைத்த ஆள் வேண்டும், இல்லாவிட்டால் பழைய வன்னி அரசன் பண்டார வன்னியன் குதிரையில் வரவேண்டும். கடைசியில் வென்றது ஒரு ஆச்சி. காது மந்தம், ஆனால் வாய் ஓயாது. மணிக்குச் சத்தமே இல்லாதபோது காது மந்தம் எப்படிக் காப்பாற்றும் என்று ஒரு பொடியன் நியாயமாகக் கேட்டான். அதற்கு ஏழாம் தரப் பிள்ளை ஒருத்தி சொன்ன பதில் இதுதான்: “மணி ஆளை மயக்கத்தான் செய்யும். பிறகு சாமியார் சொல்லுறது விளங்கினால்தானே திருப்பிச் சொல்லலாம்.” சரி என்று விட்டுவிட்டோம். அதனால் ஊர் முழுக்கத் “தண்ணியைத் திறவுங்கோ” என்று நிற்கும்போது ஆச்சி மட்டும் “பண்டியோ? எங்கை, வயலுக்கையோ?” என்று பொல்லை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். காட்டுப்பன்றியால் பட்ட ஊரில் இந்தப் பகிடி எடுபடாமல் போகுமா! பன்றி துரத்தப் போன பொல்லு சாமியாரின் மணியில் பட்டு மணி வெடிக்கிறது. ஆச்சியின் குமிழிகள் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே கோணல் எழுத்தில் இருக்கின்றன, அந்தக் கோணலை எழுதியவனுக்கு இப்போது நடப்பு தாங்க முடியவில்லை.

இனித் தொழில் விசயம். ஏ4இல் வரைந்து 71 வீதத்துக்குச் சுருக்கினால் சரியாக ஏ5 வரும். சுருங்கும்போது கோடுகள் இறுகும், கைநடுக்கம் குறைந்து தெரியும், அதனால் சின்னப் பிள்ளைகளின் படமும் தேர்ந்த கை போட்டது மாதிரி இருக்கும். ஆனால் எழுத்தும் சேர்ந்து சுருங்கும் என்பதை மறக்கக்கூடாது. 4 மில்லிமீற்றர் உயரத்தில் எழுதினால் அச்சில் 3க்கும் குறைவாகத்தான் வரும். தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே ‘கு’, ‘மூ’ வளைவுகளும் இருப்பதால் வரிக்கு வரி 8 மில்லிமீற்றராவது விட்டோம். கோடு போட்ட கொப்பித் தாளை அடியில் வைத்து யன்னல் கண்ணாடியில் பிடித்து எழுதினால் தனியாக வரி போடத் தேவையில்லை. இன்னொன்று: வசனத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் அதைச் சுற்றிக் குமிழி போடவேண்டும். குமிழியை முதலில் போட்டால் ‘திறந்துவிடவேண்டியிருக்கிறது’ மாதிரி ஒரு சொல் வந்து கதையைக் கெடுத்துவிடும். தமிழ்ச் சொற்களை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனால் வாசிக்கிற ஓட்டமும் போய்விடும். ஆகவே எங்கள் குமிழிகள் முட்டை மாதிரி இல்லை, அகலமாகப் படுத்திருக்கும்.

பென்சில் கோட்டை இளநீலக் கலர்ப் பென்சிலால் போட்டோம். கறுப்பு வெள்ளைப் போட்டோகொப்பி மெசின் இளநீலத்தைப் பெரும்பாலும் பிடிக்காது, ஆகவே அழிக்கிற வேலை இல்லை. அழிறப்பர் போட்டால் ஜெல் பேனைக் கோடு இழுபடும், பந்துமுனைப் பேனைக் கோடு மங்கும். இரண்டும் இல்லாமல் தப்பினோம். எல்லா மெசினும் ஒன்றல்ல, ஒரு துண்டுத் தாளில் நீலக்கோடு போட்டுக் கடையில் முதலே பார்த்துவிடுவது நல்லது. சோளகக் காற்று அடிக்கிற காலம் என்பதால் ஒவ்வொரு தாளின்மேலும் குளத்தில் பொறுக்கின கல்லு இருந்தது. வியர்வைக்கு, கைக்கு அடியில் இன்னொரு தாள்.

சாமியாரின் உடுப்பு முதலில் கறுப்பு அங்கி. முதல் கொப்பி எடுத்தபோது பெரிய கறுப்புப் பரப்பு முழுக்கத் திட்டுத் திட்டாக வந்து, அங்கி சாம்பல் கொட்டுண்ட சாரம் மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரத் தம்பி மை கூட்டிப் பார்த்தார், அப்போது எழுத்துகளின் கண்கள் அடைபட்டன. கறுப்பை நெருக்கமான கோடுகளாக மாற்றலாம், ஆனால் கோட்டுக்குக் கோடு ஒரு மில்லிமீற்றராவது இல்லாவிட்டால் சுருக்கும்போது ஒட்டிக்கொள்ளும். கடைசியில் அங்கியை வெள்ளையாக விட்டுவிட்டோம். விழுந்த நன்மை பெரிது. கறுப்பு அங்கிக்காரனை ஊருக்குள் யார் விடுவார்கள்? வெள்ளை உடுத்தி வருகிறவருக்குத்தான் கதிரை தூக்கிப் போடுவார்கள்.

பக்க ஒழுங்கு பலருக்குத் தலைசுற்றுகிற இடம். நாலு ஏ4 தாளை ஒன்றாக மடித்தால் பதினாறு பக்கம். மடித்த வெறும் தாளில் பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16உம் 1உம், மறுமுகத்தில் 2உம் 15உம் இருக்கும். எந்தத் தாளின் எந்த முகத்தை எடுத்தாலும் இரண்டு எண்ணும் கூடினால் 17 வரவேண்டும். இதை வைத்தே சின்னவர்கள் சரிபிழை பார்த்தார்கள். சுருக்கிய பக்கங்களை வெட்டி ஏ4இல் இரண்டிரண்டாக ஒட்டும்போது ஒட்டின விளிம்பு கொப்பியில் மெல்லிய கோடாக விழும், அதற்கு வெள்ளை மை தடவவேண்டும். பின்முகம் தலைகீழாக வருகிறதா என்று ஒரு தாள் எடுத்துப் பார்த்த பிறகுதான் மிச்சத்தை ஓடவிடவேண்டும்.

அட்டைக்குப் பிறிஸ்டல் போட் என்கிற தடித்த தாள். அதை மெசினில் விடக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை, அவர் சொன்னதும் சரிதான். ஆகவே பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை வெட்டி அச்சு செய்தோம். வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு முறிவின் எக்ஸ்ரே அலுமாரிக்கு மேல் இருக்கும். அது ஈரத்துக்கு ஊறாது, கூர்மையான பிளேட்டுக்கு நன்றாக வெட்டுப்படும். தலைப்பு ‘நாக்கில்லா மணி’. ணகரத்தின் சுழிகளை அப்படியே வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும், அதனால் சுழிக்குள்ளிருந்து வெளியே ஒரு சின்னப் பாலம் விடவேண்டும். ஸ்பொஞ்சில் போஸ்டர் கலரைத் தொட்டு, அரைவாசி ஈரத்தைப் பழந்துணியில் ஒற்றிவிட்டுத்தான் தட்டவேண்டும். ஈரம் கூடினால் மை அச்சுக்கு அடியால் ஊர்ந்து போகும். மடிக்கும் முன் எழுதாத பேனை முனையால் அடிமட்டம் வைத்து ஒரு கோடு அழுத்தினால் போட் வெடிக்காமல் மடியும்.

சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பு வரை எட்டாது. அதனால் தைத்தோம். மடிப்பில் மூன்று ஓட்டை: ஒன்று நடுவில், மற்ற இரண்டும் மேல்கீழ் விளிம்பிலிருந்து 40 மில்லிமீற்றர் உள்ளே. ஊசி நடு ஓட்டையால் உள்ளிருந்து வெளியே போய், மேல் ஓட்டையால் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டையால் வெளியே போய், திரும்ப நடுவால் உள்ளே வரும். உள்ளே ஓடுகிற நீளத் தையலை நடுவில் பிடித்து இரண்டு நுனியையும் முடிச்சுப் போட்டால் சரி. ஒரு புத்தகத்துக்கு அரை மீற்றர் நூல் போதும், மெழுகுதிரியில் ஒருதரம் இழுத்துவிட்டால் சிக்காது. தைக்கிற வேலைக்கு அம்மாமார் வந்து இருந்தார்கள், கதை முழுவதையும் அவர்களே முதலில் வாசித்தும் முடித்தார்கள்.

புத்தகம் ஊருக்குள் போனபிறகு எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். சாமியார் யார்? ஒரு ஐயா வழியில் மறித்து, “உண்மையைச் சொல்லும், இது ஆருக்கு அடிச்சது?” என்றார். இன்னொருவர் ஒரு கட்சியைச் சொன்னார், வேறொருவர் அந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சியைச் சொன்னார். யூடியூப்பில் பிரசங்கம் செய்கிற ஒருவரையும் சொன்னார்கள். பிள்ளைகளிடம் கேட்டால், தங்களுக்கு அப்படி யாரையும் தெரியாது, மணிதான் முதலில் வந்தது, சாமியார் பிறகு வந்தவர் என்கிறார்கள். கையெழுத்து மாறுவதைச் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்தவர்கள் குறைவு. கண்டுபிடித்தவர்கள் அனேகமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கொப்பியைப் பார்த்து எழுதியது யார் எழுத்தென்று அறிகிற கண் அவர்களுக்குத்தானே இருக்கிறது.

இரண்டாவது இதழுக்கு இப்போது வழக்கு நடக்கிறது. பத்தாம் தரப் பிள்ளை ஆச்சியையும் ஒரு கட்டத்திலாவது தன் கையால் எழுதவேண்டும் என்கிறாள். கோணல் எழுத்துக்காரன் விடமாட்டேன் என்கிறான், ஆச்சிக்கு அப்படி நடந்தால் தான் இனி வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டான். எனக்கு இருவர் பக்கமும் நியாயம் தெரிகிறது. அது தீர்வதற்குள் வவுனியாவுக்குப் போகிற யாரிடமாவது நீளக்கை ஸ்டேப்ளர் ஒன்றுக்குச் சொல்லிவிட வேண்டும். அம்மாமாருக்கு விதைப்புக் காலம் வந்துவிட்டால் தைக்க ஆள் இருக்காது.